நேட்டரும் பலீக்கேயும் எங்கள் ஊர் நாயமும்

1

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள், பேச்சைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். இது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். குற்றத்தில் பாதி என் அக்காவுடையது. போன வாரம் நடந்ததை அவளிடம் தொலைபேசியில் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறியவள், "இதெல்லாம் எங்கிட்ட மட்டும் சொல்லிகினு இருந்தா ஆச்சா? எழுதுடி. நம்ம ஊர்ல நாலு பேர் படிக்கட்டும்" என்றாள். அவள் சொல்லி நான் மறுத்ததில்லை. மறுப்பதற்கும் பேச வேண்டுமே.

நான் பிறந்தது அம்மையார்குப்பம். வாழ்க்கைப்பட்டது திருத்தணி. இப்போது இருப்பது ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரையில் ஒரு கடலோர ஊர். என் வீட்டுக்காரர் இங்கே ஓர் இந்திய உணவகத்தில் சமையல்காரர். அவர் முதலில் வந்தார். நானும் மகள் வள்ளியும் நான்கு ஆண்டுக்கு முன் வந்து சேர்ந்தோம்.

பெண்களுக்கு முடி வெட்டும் கடை ஒன்றில் நான் புருவம் திருத்துகிறேன். திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த அழகு நிலையத்தில் கற்ற வேலை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் நூலை முறுக்கி முடியை எடுக்க வேண்டும். வாயில் நூல் இருக்கும்வரை யாரும் என்னைப் பேசச் சொல்ல முடியாது. கேள்வி கேட்டால் ‘ம்’ போதும். கூச்சக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான தொழிலைக் கடவுளே உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

கடையின் முதலாளி மரிபெல் என் வயதுக்காரி. அவளுக்குக் கத்தரிக்கோலும் வாயும் சேர்ந்துதான் ஓடும். ஒன்று நின்றால் மற்றதும் நின்றுவிடும். செல்வி என்ற என் பெயர் அவள் நாக்கில் ‘செல்பி’ ஆகிவிட்டது. திருத்தித் திருத்திப் பார்த்து நான்தான் மாறிக்கொண்டேன். அவளும் மற்றவர்களும் பேசியதை எல்லாம் இங்கே எங்கள் ஊர்ப் பேச்சாகவே எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. அவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

2

முதலில் என் அட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

வந்த புதிதில் எனக்குக் கொடுத்த குடியிருப்பு அட்டையில் நான் கணவரைச் சார்ந்தவள் என்று இருந்தது. மரிபெல் கடையில் சேர்ந்த பிறகு எனக்கென்று ஒரு அட்டை கிடைத்தது. அதில் நான் வேலை செய்கிறவள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதை வாங்கப் பட்ட பாடு தனிக்கதை. இங்கே எல்லாருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். எனக்கு ஒன்றுகூடக் கிடையாது. கடைசியில் என் நைனாவின் பெயரான முனுசாமியைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார்கள். திருப்பதியைத் தாண்டிப் போயறியாத மனிதர் அவர். அவர் பெயர் போட்டு ஸ்பெயின் அரசாங்கம் எங்கள் வீட்டுக்குக் கடிதம் அனுப்புகிறது. ஆனாலும் அந்த அட்டையைக் கையில் வாங்கிய அன்று நான் பேருந்து பிடிக்காமல் வீடுவரை நடந்தே வந்தேன். அதில் இருந்தது என் படம், என் வேலை.

இந்த ஆண்டு அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு மரிபெல் என் வேலை ஒப்பந்தத்தை நீட்டித் தர வேண்டும். மரிபெல் என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னாள்: "செல்பி, உன் கை தங்கம். ஆனா எதிர்ல புதுசா கடை தெறந்துட்டான் பாரு. அங்க ஒரு பொண்ணு இங்கிலீஷ் பேசுது. நம்ம வெள்ளக்காரம்மாங்க ஒவ்வொருத்தரா அங்க போய்கினு கீறாங்க. அவங்க போய்ட்டாங்கன்னா ரெண்டு பேருக்கு இங்க வேல இல்லம்மா."

வெள்ளைக்காரம்மாக்கள் என்று அவள் சொன்னது, வெயிலுக்காக இங்கே வந்து குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கிலேயப் பெண்களை. பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். காபி கேட்கவும் நன்றி சொல்லவும் ஸ்பானிஷ் கற்றிருக்கிறார்கள். அதற்கு மேல் தேவைப்படவில்லை போலிருக்கிறது. அவர்களில் பெரியவர் பாலின். எழுபது தாண்டியவர், கணவரை இழந்தவர். முடி வெட்ட வேண்டிய தேவை இல்லாதபோதும் வாரத்துக்கு ஒரு முறை வந்து உட்காருவார். "ஐ ஹேவ் ஒன்லி கம் ஃபார் எ நேட்டர், லவ்" என்பார்.

மரிபெல் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். "இன்னா கேக்குது அந்தம்மா? முடியா, புருவமா?"

கடையில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்தவள் என்றால், அம்மையார்குப்பம் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புவரை படித்த ஆங்கிலம். அதில் இரண்டு நண்பர்கள் சந்தித்து மிருகக்காட்சி சாலையைப் பற்றி உரையாடுவார்கள். அதற்குப் பெயர் ‘கான்வர்சேஷன்’. நேட்டர் எங்கள் பாடத்தில் வரவில்லை.

தொலைபேசியில் தட்டிப் பார்த்தேன். ஸ்பானிஷில் ‘சார்லார்’ என்றது. பேசிக்கொண்டிருப்பது. மரிபெலுக்கு அது போதவில்லை. "சார்லார்னா பள்ளிக்கூட வாத்தியார் சொல்றாப்பல கீது. அந்தம்மா கேக்குறது பலீக்கே. சும்மா வாய் மெல்றது." அப்படியாக நேட்டர் என்றால் பலீக்கே என்று முடிவானது.

அன்றிலிருந்து பாலினும் அவருடைய தோழிகளும் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கள் கடையில் பஞ்சாயத்து நடந்தது. ‘கேட்ச் அப்’ சுலபமாக முடிந்தது; ‘போனெர்சே அல் தீயா’, விட்டுப்போன சேதியெல்லாம் பேசி நாள் கணக்குக்கு வந்து சேர்வது. ‘காசிப்’ என்றதற்கு மரிபெல் ‘கொத்தியேயார்’ என்று சொல்லி, நாற்காலியில் இருந்த என்கார்னாவைக் கையால் காட்டினாள். என்கார்னா மீன் சந்தையில் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"வம்பு பேசறது நானா?" என்றார் என்கார்னா. "ஊர்ல நடக்கறத சொல்றேன். அவங்க நடத்துனா நான் இன்னா பண்றது?"

‘ஸ்மால் டாக்’ என்ற சொல்லில்தான் எல்லாரும் மாட்டிக்கொண்டோம். முன்பின் தெரியாதவரிடம் வெயிலைப் பற்றியும் பேருந்தைப் பற்றியும் ஒப்புக்குப் பேசுவது என்று நான் விளக்கினேன். மரிபெல் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அதுக்கு எங்ககிட்ட வார்த்தை இல்ல. எங்க ஊர்ல சின்னப் பேச்சுன்னு ஒண்ணு கெடையாது. ஆரம்பிச்சா பெருசுதான்."

ஒரு நாள் பாலின் ‘சின்வாக்’ வேண்டும் என்றார். அதுவும் அரட்டைதான் என்று எனக்குத் தெரியாது. சின் என்றால் தாடை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அவரை உட்காரவைத்துத் தாடையில் இருந்த நாலைந்து முடியை நூலால் எடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணீர் வர உட்கார்ந்திருந்தார். ஆங்கிலேயர்களின் மரியாதை அப்படி. கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது இத்தனை நாளாக அங்கே இருந்ததா, ஒருத்தியும் எனக்குச் சொல்லவில்லையே என்று தோழிகளைக் கோபித்துக்கொண்டார்.

3

எனக்குப் பேச்சு வராததற்குக் காரணம் விசைத்தறி என்று நினைக்கிறேன். வேறு காரணம் இருந்தாலும் தறி மேல் போடுவது வசதி.

அம்மையார்குப்பத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. காலையில் ஓட ஆரம்பித்தால் சுவரே பேசுகிற மாதிரி இருக்கும். உப்பு வேண்டும் என்றால்கூடக் கத்த வேண்டும். அக்காவுக்குக் கட்டைக்குரல், தறியை மீறிக் கேட்கும். எனக்குச் சன்னக்குரல். ஒன்றை மூன்று முறை சொல்லியும் யாருக்கும் கேட்காவிட்டால், நாலாவது முறை சொல்லத் தோன்றாது. இப்படியே பழகிவிட்டது.

கரண்ட் போனால் மட்டும் தறிகள் ஒரே நேரத்தில் நிற்கும். அந்த அமைதியில் காது அடைக்கும். உடனே எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். "ஆங், இன்னாக்கா, சோறாச்சா?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். தெரு முழுக்க நாயம்தான். எங்கள் பக்கத்தில் பேச்சை நாயம் என்போம். கரண்ட் வந்ததும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே ஓடுவார்கள். மீதியை அடுத்த முறை கரண்ட் போகும்போது அதே இடத்திலிருந்து தொடர்வார்கள். மறக்கவே மாட்டார்கள். நான் எங்கள் வீட்டுக் கதவோரம் நின்று கேட்பேன். எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றி, சொல்லலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிடும்.

இந்த ஊரில் சொற்களைத் தேட ஆரம்பித்த பிறகு ஒன்று கவனித்தேன். அரட்டை, வெட்டிப்பேச்சு, ஊர்வம்பு, வாயாடுவது என்று சும்மா பேசிக்கொண்டிருப்பதற்கு நம்மிடம் இருக்கிற சொல் பெரும்பாலும் திட்டு. நாயம் நல்ல சொல்தான். அதையும் எங்கள் ஆசிரியை "இன்னா நாயம் அங்க?" என்று பிரம்பைத் தட்டிக் கேட்டால் திட்டாகிவிடும். ஆங்கிலத்துச் சொற்களைப் பாலின் சொல்லும்போது ஏதோ தின்பண்டம் கேட்பது போல இருக்கிறது. மரிபெல் பலீக்கே என்னும்போது வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்தது போல இருக்கிறது. நான் ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றுகிறேன் என்றுதான் பெயர். நடுவில் அது எனக்குள் தமிழில் ஒரு முறை திட்டு வாங்கிவிட்டுத்தான் போகிறது.

4

வியாழக்கிழமை யோசனை மரிபெலுடையது. வியாழன் மாலை ஐந்து மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு, வெள்ளைக்காரம்மாக்களையும் உள்ளூர்ப் பெண்களையும் கடையில் உட்காரவைத்துக் காபி கொடுத்துப் பேசவைப்பது. எதிர்க் கடையில் இங்கிலீஷ் பேசும் பெண் இருக்கலாம், இது இருக்காது. "நீ நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திச் சொல்லு. உங்க ஊர் பலகாரம் ஏதாவது எடுத்துகினு வா. இது ஓடிச்சின்னா உன் ஒப்பந்தம் ஓடும்" என்றாள்.

அன்று வீட்டில் நான் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. வள்ளிக்கு இப்போது பதினாலு வயது. அவள் கையிலிருந்த தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, நீ தமிழ்லயே பேச மாட்ட. ஸ்பானிஷ்ல இன்னாத்த பேசப் போற?" என்றாள்.

"ஏய், உங்கம்மாவுக்கும் சேத்து நான் பேசிகினு கீறேன்" என்றார் என் வீட்டுக்காரர். "செல்வி, முறுக்கு சுட்டு எடுத்துகினு போ. வாயில முறுக்கு இருந்தா எவ பேசப் போறா? உனக்கும் வேல இல்ல."

"நைனா, அவங்க பேசத்தான வராங்க."

"ஆங், அதுவும் சரிதான்."

கடை வாசலில் வைக்க ஒரு கரும்பலகை வாங்கினோம். மேலே ஆங்கிலத்தில் நேட்டர் என்றும், கீழே ஸ்பானிஷில் பலீக்கே என்றும் நான் எழுதினேன். நம் சொல்லையும் எழுதலாமா என்று வள்ளி கேட்டாள். "நாயம்னா இன்னாம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் காகிதத்தில் எழுதிக் காட்டியதைப் பார்த்து, படம் வரைகிற மாதிரி ஒவ்வொரு வளைவாகப் பலகையில் வரைந்தாள். ஊரில் மூன்றாம் வகுப்பிலேயே வேகமாக எழுதிய பிள்ளை. அழகாகத்தான் இருந்தது.

5

திருத்தணியில் என் மாமியார் வீடு மலைக்குப் போகிற வழியில். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். சமையலுக்கும் வரவேற்புக்கும் ஆள் உண்டு. புது மருமகளாக வந்த எனக்கு என்ன வேலை கொடுப்பது என்று பார்த்த மாமியார், வெற்றிலைத் தட்டைக் கையில் கொடுத்து வாசலில் நிற்கவைத்துவிட்டார். "வெத்தல பாக்கு வாங்காம ஒருத்தி படி எறங்கினா, கூப்ட்டதே வீண்" என்பார். குங்குமம் கொடுத்து, மஞ்சள், வெற்றிலை, பாக்கு, தேங்காய் உள்ள பையைக் கொடுக்க வேண்டும். பேச்சே தேவையில்லாத வேலை. அத்தனை ஆண்டில் என்னைத் தாண்டி ஒருத்தரும் வெறுங்கையோடு போனதில்லை. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த நல்ல பெயர் அது ஒன்றுதான்.

அதனால் இந்த வியாழனுக்கும் பை தயார் செய்தேன். வெற்றிலை பாக்கு வங்காளதேசத்துக்காரர் கடையில் கிடைத்தது. மஞ்சள் கிழங்கு ஊரிலிருந்து கொண்டுவந்தது. தேங்காய்க்குப் பதில் ஆரஞ்சு. ஒரு பிடி பாதாம். மரிபெல் கடைப் பெயர் போட்ட சின்னச் சீப்பு.

ஐந்து மணிக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பாலினும் தோழிகளும் ஒரு பக்கச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். என்கார்னாவும் உள்ளூர்க்காரர்களும் எதிர்ச் சுவரோரம். இரண்டு பக்கமும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்தது. மரிபெல் காபி போட உள்ளே போயிருந்தாள். நான் நடுவில் நின்றேன். ஒரு சொல்கூட எந்த மொழியிலும் எனக்கு வரவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதைச் செய்தேன். முறுக்கை நீட்டினேன். தின்றார்கள். குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனேன். பாலினிடம் வந்தபோது ஊர்ப் பழக்கத்தில் கை ஒரு கணம் நின்றது. அவரே நெற்றியை முன்னால் நீட்டி, நல்ல பெரிதாக வை என்று சைகை காட்டினார். வைத்தேன். பிறகு, யாராவது வாங்காமல் போய்விடப் போகிறார்களே என்ற பழைய பயத்தில், ஒவ்வொருவர் கையிலும் பையைக் கொடுத்துவிட்டேன்.

பாலின் பைக்குள் எட்டிப் பார்த்தார். "ஓ, ஹவ் லவ்லி" என்று எழுந்தார். அவர் எழுந்ததும் தோழிகள் எழுந்தார்கள். அவர்கள் ஊரில் பிறந்தநாள் விழா முடிந்ததும் குழந்தைகள் கையில் இப்படி ஒரு பை கொடுத்து அனுப்புவார்களாம். பிறகுதான் தெரிந்தது. வெள்ளைக்காரம்மாக்கள் எழுந்ததைப் பார்த்து, சரி முடிந்தது போலிருக்கிறது என்று என்கார்னா பக்கமும் எழுந்தது. எல்லாரும் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வெளியே போனார்கள்.

மரிபெல் காபித் தட்டோடு வந்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள்.

"எங்க எல்லாரும்?"

"போய்ட்டாங்க."

"இன்னா சொன்ன அவங்ககிட்ட?"

"ஒண்ணும் சொல்லல. பை குடுத்தேன்."

"இன்னா பை?"

எப்படிச் சொல்வது? யாரும் வெறுங்கையோடு போகக்கூடாது, அதனால் முதலிலேயே கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். மரிபெல் தட்டை வைத்துவிட்டுத் தலை அலசும் நாற்காலியில் உட்கார்ந்தாள். "கால் மணி நேரத்துல ஊரையே தொரத்தி வுட்டுட்டியே செல்பி" என்றாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. களைப்பாகச் சொன்னாள். மறுபடியும் கணவரைச் சார்ந்தவள் என்று அட்டை வாங்கப்போகிறேன் என்பதுதான் அப்போது எனக்குத் தோன்றியது. முறுக்குத் துணுக்குகளைப் பெருக்க ஆரம்பித்தேன்.

வாசலில் சத்தம் கேட்டது. என்கார்னாவின் குரல். மஞ்சள் கிழங்கை உயரத் தூக்கிப் பிடித்து, "செல்பி! இது இன்னா? திங்கறதா?" என்று கத்திக்கொண்டிருந்தார். பாலின் அது இஞ்சி என்றார். இன்னொருத்தி பாக்கைக் கடித்துவிட்டுப் பல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருவர்கூடப் போகவில்லை. நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

நான் துடைப்பத்தோடு வெளியே போனேன். மஞ்சளை ஸ்பானிஷில் சொன்னேன், ஆங்கிலத்தில் சொன்னேன். கன்னத்தில் பூசிக் குளிப்போம் என்றேன். எதற்குப் பை என்று கேட்டார்கள். என் மாமியாரையும் வாசல் வேலையையும் சொன்னேன். உள்ளேயிருந்து மரிபெல், "அதான் தொரத்திட்டா!" என்று கத்தினாள்.

"யாரு தொரத்துனது? யாரு போனது?" என்று என்கார்னா திருப்பிக் கத்தினார். "இங்கதான கீறோம். காபிய வெளிய எடுத்துகினு வா."

காபி வெளியே வந்தது. மாமியார் என்ற சொல் விழுந்த பிறகு யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. என்கார்னா தன் நாத்தனாரைப் பற்றி ஆரம்பித்தார். பாலின் என் கையைப் பிடித்து, என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று இழுத்தார். நான் மாற்றிச் சொன்னேன். பாலினுக்கும் ஒரு நாத்தனார் இருந்தாராம். அதை மாற்றினேன். அப்புறம் என்ன நினைத்தேனோ, என் நாத்தனாரையும் சொல்லிவிட்டேன். ஒரு கிருத்திகைக்கு என் கல்யாணப் புடவையைக் கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய், சந்தனக் கறையோடு மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். இத்தனை ஆண்டில் என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லாத கதை. முதலில் ஸ்பானிஷில் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். மறுபடி சிரித்தார்கள். தமிழில் அக்காவிடம் சொன்னது மூன்றாவதாக. இதை என் நாத்தனார் படித்தால், கறை இன்னும் போகவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளட்டும்.

புறப்பட்டவர்கள் வாசலில் நின்று பேசுவது எங்கள் ஊரிலும் உண்டுதானே. ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான் முக்கியமான சேதியெல்லாம் வெளியே வரும். அதற்கு நம்மிடம் தனிச் சொல் இல்லை. ஆங்கிலத்தில் உண்டா என்று பாலினைக் கேட்டேன். யோசித்து, இல்லை என்றார். மரிபெலைக் கேட்டேன். "செல்பி, பேசும்போது பேசு. வார்த்தைய நாளைக்குத் தேடிக்கலாம்" என்றாள்.

எதிர்க் கடை ஷட்டரை இறக்கிவிட்டு அந்த இங்கிலீஷ் பேசும் பெண்ணும் வந்து நின்றாள். அவளுக்கும் ஒரு பை கொடுத்தேன். கலையும்போது பாலினும் இரண்டு தோழிகளும் அடுத்த வாரத்துக்கு முடி வெட்ட நேரம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

6

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் மரிபெல் என் ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டாள். மதியம் மழை பெய்தது. கடைக்கு மூன்று பேர்தான் வந்தார்கள்.